மீன் வந்த காலங்களும் கல் உடைத்த காலமும்: பூஹுஸ்லேன் கரையின் வரலாறு

சுவீடனின் மேற்குக் கரையில், கோதன்பர்க் நகரை ஒட்டித் தொடங்கி வடக்கே நோர்வே எல்லைவரை நீளும் ஒடுக்கமான மாகாணம் பூஹுஸ்லேன். அதன் கரைக்கு முன்னால் ஆயிரக்கணக்கான தீவுகளும் பாறைத்திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. விளைநிலம் குறைவு. கல்லும் உப்புக்காற்றும் தாராளம். இந்த மாகாணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டைத்தான் சொல்கிறார்கள்: ஹெர்ரிங் மீன் வந்தால் கரை செழித்தது, மீன் போனதும் கரை வாடியது, மனிதர்கள் இயற்கையின் கருணையை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்தார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இந்த வாய்பாடு பாதி உண்மைதான் என்பது விளங்கும். மீன் எப்போது வரும் என்பதைக் கடல் தீர்மானித்தது. வந்த மீன் சோறாகுமா, விளக்கெரிக்கும் எண்ணெயாகுமா, உரமாகுமா, அதன் லாபம் யார் வீட்டுக்குப் போகும், கழிவு யார் வாசலில் சேரும் என்பதையெல்லாம் சட்டமும் முதலும் சந்தையும் தீர்மானித்தன. பூஹுஸ்லேனின் நிலத்தையும் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படும் முடிவு இதுதான்.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். பனியுகத்தில் இந்தக் கரையின்மேல் கிடந்த தடித்த பனிப்பாளம் பாறையை இழைத்து வழவழப்பாக்கியது; பள்ளங்களைத் தோண்டி, கடல் உள்ளே நுழைய வழி வைத்தது. குல்மார்ன் போன்ற ஃபியோர்டுகள், அதாவது நிலத்துக்குள் நீளமாக நுழையும் ஆழமான கடற்கைகள், அப்படி உருவானவையே. பனியின் பாரம் இறங்கியதும் அமுங்கியிருந்த நிலம் மெல்ல மேலெழத் தொடங்கியது. உத்தேவல்லா நகரருகே, இன்றைய கடல்மட்டத்துக்கு அறுபது மீட்டருக்கும் மேலே, மலைமலையாகக் கடற்சிப்பிகள் குவிந்திருக்கின்றன. 1746இல் லின்னேயஸ் அவற்றைப் பார்த்தார். 1834இல் சுவீடனுக்கு வந்த ஆங்கிலேய நிலவியலாளர் சார்ல்ஸ் லயெல், நிலம் உயர்கிறது என்பதற்கான சான்றுகளில் ஒன்றாக அவற்றைக் கொண்டார். ஊர் மக்களோ அந்தச் சிப்பியைத் தோண்டிச் சுண்ணாம்புக்கும் சாலைக்கும் பயன்படுத்தினார்கள். வடக்கே டானும் வட்டாரத்துப் பாறைகளில் வெண்கலக் காலத்தவர் செதுக்கிய உருவங்கள் 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வயல் நடுவே நிற்கும் அந்தப் பாறைகளில் அதிகமாகக் காணப்படும் உருவம் படகு. செதுக்கிய காலத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் இருந்தது. பல பாறைகள் கடற்கைகளின் ஓரத்திலேயே இருந்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மக்களின் முகம் கடலை நோக்கியே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பாறைச் சித்திரங்களில் ஒன்றை முதன்முதலாக வரைந்து பதிவுசெய்தவர் பேடர் ஆல்ஃப்சேன். ஆண்டு 1627. அவர் நோர்வேக்காரர், ஒஸ்லோவில் ஆசிரியராக இருந்தவர். இதில் வியப்பில்லை, அப்போது பூஹுஸ்லேன் நோர்வேயின் பகுதி. மாகாணத்துக்குப் பெயர் கொடுத்த பூஹுஸ் கோட்டையை 1308இல் கட்டத் தொடங்கியவரும் நோர்வே அரசர் ஐந்தாம் ஹோக்கன்தான். யோட்டா ஆற்றின் நடுவே ஒரு குன்றில் நின்று சுவீடனை நோக்கிக் காவல் காத்த அந்தக் கோட்டை பதினான்கு முறை முற்றுகையிடப்பட்டும் ஒருமுறைகூட விழவில்லை. போரில் விழாதது ஒப்பந்தத்தில் கைமாறியது. 1658இன் குளிரில் டென்மார்க்கின் கடற்கால்கள் உறைந்துபோக, சுவீடன் அரசர் பத்தாம் கார்ல் குஸ்தாவ் தம் படையைப் பனிமேல் நடத்திச் சென்றார். ரோஸ்கில்ட் ஒப்பந்தத்தில், தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையை வைத்திருந்த அதே டென்மார்க்–நோர்வே அரசு, பூஹுஸ்லேனைச் சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தது. உறைந்த கடல் படைக்கு வழிவிட்டது உண்மைதான். ஆனால் எந்த மாகாணம் போகும், எது நிலைக்கும் என்பது பேச்சுவார்த்தை மேசையில் முடிவானது. அதே ஒப்பந்தத்தில் சுவீடனுக்குப் போன டிரான்ட்ஹைம் வட்டாரமும் போர்ன்ஹோல்ம் தீவும் 1660இல் திரும்பிவிட்டன, பூஹுஸ்லேன் திரும்பவில்லை.

இனி ஹெர்ரிங். நம் மத்தி மீனின் உறவுக்கார இனம் அது. கூட்டம் கூட்டமாக வரும், கொழுப்பு மிகுந்தது, உப்பிட்டால் பல மாதம் தாங்கும். பூஹுஸ்லேன் கரையில் இந்த மீனின் நடத்தை விசித்திரமானது. பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, திடீரென ஒரு குளிர்காலத்தில் கோடிக்கணக்கில் தீவுகளுக்கு இடையே நுழைந்து, கடற்கைகளின் உள்மூலைவரை நிறைந்துவிடும். 1556 முதல் 1589 வரை ஒரு காலம், 1660 முதல் 1680 வரை ஒரு சிறிய காலம், 1747 முதல் 1809 வரை எல்லாவற்றிலும் பெரிய காலம், 1877 முதல் 1906 வரை கடைசிக் காலம் என்று வரலாற்றாசிரியர்கள் வகுக்கிறார்கள். ஏன் இப்படி என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆக்ஸெல் யுங்மன் இதைச் சூரியப் புள்ளிகளோடு சேர்த்து 111 ஆண்டுச் சுழற்சி என்றார். குல்மார்ன் கடற்கையில் ஆய்வு நிலையம் நடத்திய ஓட்டோ பெட்டர்ஸன், ஆழ்நீரில் எழும் அலைகளையும் சந்திரனின் ஈர்ப்பையும் காரணம் காட்டினார். 1990களில் வந்த ஓர் ஆய்வு, மேலைக்காற்று தளர்ந்து கடுங்குளிர் நிலவிய காலங்களோடு மீன் வரவைப் பொருத்திப் பார்த்தது. இவற்றில் எது சரியானாலும் மீனின் வரவில் மனிதனுக்குப் பங்கு சிறிது என்பதே பொருள். அதை மறுக்க வேண்டியதில்லை. நான்கு முறையும் வந்தது அதே மீன். நான்கு முறையும் கரையில் உருவானது ஒரே சமூகமா என்பதே நாம் கேட்க வேண்டியது.

1556இல் தொடங்கிய காலத்தில் ஆட்சி டென்மார்க்–நோர்வே அரசருடையது. ஐரோப்பாவின் நோன்பு நாட்கள் உப்பு மீனுக்குச் சந்தை தந்தன. நெதர்லாந்து, ஜெர்மனி வணிகர்கள் கப்பலோடும் உப்போடும் வந்தார்கள். மார்ஸ்ட்ராண்ட் தீவுத் துறைமுகம் பணத்தில் மிதந்தது, அரசர் வரி வாங்கினார். அந்த ஏற்பாட்டில் ஹெர்ரிங் பீப்பாயில் அடைத்து அனுப்பும் உணவாகவே இருந்தது. மீன் மறைந்ததும் வணிகர்கள் கப்பலைத் திருப்பிக்கொண்டார்கள். கரையில் தங்கிய முதல் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை.

1747இல் மீன் மீண்டும் வந்தபோது சூழல் முற்றிலும் மாறியிருந்தது. பூஹுஸ்லேன் சுவீடனுடையது, அருகில் கோதன்பர்க் ஒரு பெரிய வணிக நகரமாக வளர்ந்திருந்தது, ஏற்றுமதியைப் பெருக்குவதையே நாட்டின் வலிமையாகக் கருதிய அரசு அங்கே இருந்தது. பிடிக்கும் முறை கரைவலைதான்: நீண்ட வலையால் மீன்கூட்டத்தை வளைத்து, கரையில் நின்று ஆட்கள் சேர்ந்து இழுப்பார்கள். வந்த மீனோ மக்கள் தின்று தீர்க்கவும் உப்பிட்டு அடைக்கவும் முடியாத அளவு. அங்கேதான் கோதன்பர்க் முதலாளிகள் நுழைந்தார்கள். கரை நெடுக எண்ணெய் காய்ச்சும் கொட்டகைகள் எழுந்தன. பெரிய கொப்பரைகளில் தண்ணீரோடு மீனைக் கொட்டி, பல மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்க வைப்பார்கள். சதை கரைந்து கூழாகும், எண்ணெய் மேலே மிதக்கும். அதை அகப்பையால் மொண்டு, தெளியவிட்டு, பீப்பாயில் நிரப்புவார்கள். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கும் தோல் பதனிடுவோருக்கும் சோப்பு காய்ச்சுவோருக்கும் அந்த எண்ணெய் போனது. உப்பிட்ட மீனின் ஒரு பகுதி கடல் தாண்டிக் கரீபியன் தீவுகளுக்குப் போய், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் உணவானது. உள்நாட்டிலிருந்து பருவத்துக்குப் பருவம் கூலியாட்கள் குவிந்தார்கள். மார்ஸ்ட்ராண்ட் 1775 முதல் 1794 வரை சுங்கமற்ற துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, வேற்று மதத்தவரும் வந்து குடியேறி வழிபடலாம் என்ற சலுகையும் பெற்றது. யூதர்கள் அங்கே வந்து வாழ்ந்தார்கள். இவை எதையும் மீன் கொண்டுவரவில்லை. மீனின் வரவைப் பயன்படுத்தக் காத்திருந்த முதலும் அரசாணைகளும் கொண்டுவந்தன.

இந்தத் தொழிலின் இன்னொரு பக்கத்தையும் அருகில் சென்று பார்க்க வேண்டும். எண்ணெயை மொண்ட பிறகு கொப்பரையின் அடியில் தங்கும் கசடு எங்கே போகும்? முதலில் நேராகக் கடலுக்குள் போனது. ஆழம் குறைந்த விரிகுடாக்களின் அடித்தரை அந்த நாற்றக் கூழால் மூடியது. அது மீனை விரட்டிவிடும், கடலின் அடித்தரையைக் கெடுத்துவிடும் என்று ஒரு சாரார் முறையிட்டார்கள். கசடு மீனுக்கு இரையாகும், தடை விதித்தால் தொழில் அழியும் என்று ஆலை உரிமையாளர்கள் வாதாடினார்கள். இந்த வழக்கின் ஆவணங்கள் 1784இல் திரான்க்ரும்ஸ்-ஆக்தென் என்ற தலைப்பில் அச்சாயின. கசடைத் தேக்கக் கரையில் அணை கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. அந்தக் கல்லணைகளின் மிச்சத்தை இன்றும் சில தீவுகளில் காணலாம். தொழிற்சாலைக் கழிவு பற்றி ஒரு நாடு பகிரங்கமாக விவாதித்த மிக முந்தைய நிகழ்வுகளில் இது ஒன்று. இயற்கையின் தாளத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த அப்பாவிக் கரை என்ற சித்திரம் இந்த ஆவணத்தின் முன் நிற்காது. அந்தக் காலத்தவருக்கே தெரிந்திருந்தது, தாங்கள் எடுக்கும் முடிவுகள் கடலை மாற்றக்கூடும் என்று.

1809 வாக்கில் மீன் போனது. கொட்டகைகள் மூடின, கோதன்பர்க் முதலாளிகளின் பணம் வேறு தொழிலுக்கு நகர்ந்தது. தங்கியவர்கள் கரைக்குடிகள்: சொந்த நிலமில்லாமல், விவசாயியின் நிலத்து ஓரத்தில் பாறைமேல் குடிசை போட்டு, வாடகையோ வேலையோ கொடுத்து வாழ்ந்தவர்கள். அறுபது ஆண்டுச் செழிப்பின் சொத்து அவர்கள் கையில் சேரவில்லை. பஞ்சம் மட்டும் சேர்ந்தது. அவர்களில் பலர் பெரிய பாய்மரப் படகுகளில் வட கடலின் தொலைதூரத் திட்டுகளுக்குப் போய், தூண்டிற்கயிற்றில் காட் வகை மீன்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஆபத்தான தொழில், புயலில் ஒரு படகு போனால் ஒரு தீவின் ஆண்களில் பாதி போவார்கள். ஆனாலும் அதில் கிடைத்த திறமையும் படகும் அவர்களுடையவையாக இருந்தன.

1877இன் குளிர்காலத்தில் ஹெர்ரிங் மறுபடி வந்தபோது, முந்தைய காலத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் மீனெண்ணெய்க் கொட்டகைகளை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். அதற்குள் பென்சில்வேனியாவின் மண்ணெண்ணெய் உலகத்தின் விளக்குகளைப் பிடித்துவிட்டது. மீன் எண்ணெய்க்குப் பழைய விலை இல்லை. இந்த முறை நீராவிக் கப்பல்களும் பனிக்கட்டியும் ரயிலும் இருந்தன; பச்சை மீன் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போனது. லீசெகில் போன்ற ஊர்களில் டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வளர்ந்தன. மிஞ்சிய மீன் உரத்தூளாக அரைபட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த சுருக்குவலை, கரைவலையின் இடத்தைப் பிடித்தது. கரைவலைக்குக் கரை வேண்டும், கரையின் சொந்தக்காரரோடு ஒப்பந்தம் வேண்டும். சுருக்குவலைக்குக் கடல் போதும், படகு போதும். ஆகவே படகு வைத்திருந்த மீனவர் கூட்டுப்பங்காளிகளின் கை ஓங்கியது. அதே ஆண்டில், 1877இல், குல்மார்ன் கரையில் சுவீடன் அறிவியல் கழகம் கிறிஸ்தினேபெர்க் கடலாய்வு நிலையத்தைத் தொடங்கியது. கடலைப் பற்றிய கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த காலம் அது. 1747இலும் 1877இலும் வந்த மீன் ஒன்றே. அதன் விலை, வலை, உடைமை மூன்றும் வேறு. ஆகவே அது உண்டாக்கிய ஊர்களும் வேறு.

மீன் நழுவும் பொருள், இந்த வாதத்துக்கு வசதியான சான்று என்று யாராவது நினைத்தால், நழுவாத பொருள் ஒன்றைப் பார்க்கட்டும். பூஹுஸ்லேனின் கருங்கல் சுமார் 92 கோடி ஆண்டு வயதுடையது. எந்தச் சுழற்சியும் இல்லாமல் அங்கேயே கிடந்தது. விவசாயிக்கு அது சாபம். 1842இல் மால்மேன் தீவில் குல்கிரேன் குடும்பத்தார் கல் வெட்டத் தொடங்கினார்கள். டிரோல்ஹெட்டன் கால்வாய் வேலைக்குக் கல் தேவைப்பட்டது. பிறகு ஐரோப்பாவின் நகரங்கள் தெருக்களைப் பாவத் தொடங்கியதும், நேர்க்கோட்டில் பிளக்கும் அந்தக் கல்லுக்கு யோகம் அடித்தது. கல் கடல் விளிம்பிலேயே இருந்ததால் சாலை வேண்டியிருக்கவில்லை. வெட்டிய இடத்திலிருந்து நேரே பாய்மரக் கப்பலில் ஏறி ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும், தென் அமெரிக்காவுக்கும்கூடப் போனது. பாவுகல் செதுக்குவோர் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்தார்கள், தூசியில் நுரையீரலை இழந்தார்கள், சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 1930களின் மந்தத்தில் ஏற்றுமதி சரிந்தபோது, வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தணிக்க அரசே பாவுகல்லை வாங்கிக் குவித்தது. பின்னர் தாரும் கான்கிரீட்டும் தெருவைப் பிடித்தன, தொழில் சுருங்கியது. இங்கே மறைந்துபோக மீன் எதுவும் இல்லை. கல் போகவில்லை, கேட்பவர் போனார்கள். கரையின் ஏற்றத்தாழ்வுக்கு ஹெர்ரிங்கின் தாளம் மட்டுமே காரணம் என்ற வாய்பாடு இங்கே முற்றாகத் தோற்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: சட்டமும் முதலும் என்னதான் செய்தாலும் மீன் வராவிட்டால் கொப்பரையில் என்ன கொதிக்கும்? நியாயமான கேள்வி. இயற்கை எல்லையை வகுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த எல்லைக்குள் நடக்கக்கூடியவை பல. அவற்றில் ஒன்று நடந்ததற்கான காரணத்தை எல்லையிலேயே தேடினால் விடை கிடைக்காது. இரண்டாவது மறுப்பு நிலத்தைக் காட்டிச் சொல்லப்படுவது: இந்த மொட்டைப் பாறைகளைப் பாருங்கள், இங்கே வேறு எப்படித்தான் வாழ முடியும்? இதற்குப் பதில் அந்த மொட்டைத்தனத்திலேயே இருக்கிறது. வெளித்தீவுகளை உப்புக்காற்று மொட்டையடித்தது மெய். ஆனால் உள்கரையில் மரம் இருந்தது. எண்ணெய்க் கொப்பரைகளுக்கு விறகாக வெட்டப்பட்டே காடு அழிந்தது என்பது நெடுநாள் நம்பிக்கை. இன்றைய ஆய்வாளர்கள் பலர் கதையை இன்னும் பின்னுக்குக் கொண்டுபோகிறார்கள்: அதற்கு நெடுங்காலம் முன்பே நெருப்பு வைத்து மேய்ச்சல் புதர்வெளி உண்டாக்கினார்கள், ஹாலந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் மரம் ஏற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சல் நின்றதும் பைனும் பிர்ச்சும் பல இடங்களில் தாமாகவே திரும்பி முளைத்திருக்கின்றன. இயற்கை விதித்தது என்று நாம் கருதிய காட்சியில் பாதி மனிதக் கைவேலை என்பதற்கு அந்த மரங்களே சான்று.

மூன்றாவதாக ஒருவர் கேட்கலாம்: அரசாணைகளுக்கு இவ்வளவு பெருமை கொடுத்தால், சாதாரண மீனவரின் உழைப்புக்கு இடம் எங்கே? இந்த மாகாணத்தின் மிக அழகான வழக்கு அதற்கு விடை சொல்கிறது. 1905இல் சுவீடனும் நோர்வேயும் பிரிந்தன. அதற்கு முன்பிருந்தே இரு நாட்டு மீனவரும் சச்சரவிட்டுவந்த சிங்கி இறால் திட்டு ஒன்று கோஸ்டர் தீவுகளுக்கு அப்பால் இருந்தது, பெயர் கிரிஸ்போதர்னா. வழக்கு ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போனது. 1909 அக்டோபர் 23இல் தீர்ப்பு வந்தது. 1658 ஒப்பந்தத்தால் உண்டான எல்லையை அந்தக் காலத்துச் சட்டப்படியே காண வேண்டும் என்று மன்றம் சொல்லி, கரையின் பொதுத் திசைக்குச் செங்குத்தாக ஒரு கோட்டைக் கணக்கிட்டது. அந்தக் கோடு கிரிஸ்போதர்னாவைச் சுவீடனுக்கு விட்டதற்கு வலு சேர்த்த காரணங்கள் கவனிக்கத்தக்கவை: நெடுங்காலமாக அங்கே அதிகமாகச் சிங்கி இறால் பிடித்தவர்கள் சுவீடன் மீனவர்கள், அங்கே மிதவைகளை நிறுவி, விளக்குக் கப்பலை நிறுத்திச் செலவு செய்தது சுவீடன் அரசு. 250 ஆண்டுப் பழைய அரசர் ஒப்பந்தமும், கூடை போட்டு இறால் பிடித்தவர்களின் அன்றாட வழக்கமும் ஒரே தீர்ப்பில் அருகருகே நின்றன. விதி மேலிருந்து மட்டும் இறங்குவதில்லை. விடாமல் செய்துவந்த வேலையும் காலப்போக்கில் விதியாகிறது.

இதை இன்றைய நிலைக்கும் பொருத்திப் பார்ப்பது அவசியம். கோஸ்டர் கடற்பகுதி 2009இல் சுவீடனின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவானது. அதே ஆண்டில் ஹெர்ரிங் போன்ற மேல்நீர் மீன்களுக்கான பிடிப்புப் பங்குகளை விற்கவும் வாங்கவும் சுவீடன் சட்டம் அனுமதித்தது. படகுகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது, பங்குகள் சில பெரிய படகுகளிடம் சேர்ந்தன. பழைய மீனவர் ஊர்களின் வீடுகள் பலவற்றில் கோடையில் மட்டுமே விளக்கு எரிகிறது. சிலர் இதையும் மீன் குறைந்ததால் வந்த விதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மீன் வளத்தைக் காக்க வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வரம்புக்குட்பட்ட மீனைப் பத்துப் படகு பிடிப்பதா, நூறு படகு பிடிப்பதா என்பது கடல் எடுத்த முடிவு அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் எண்ணெய் யாருடையது, கசடு யாருடையது என்று கேட்டவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். பூஹுஸ்லேன் போன்ற கரைகளின் வரலாற்றை இயற்கையின் ஏற்ற இறக்கமாக மட்டும் எழுதும்போது அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது; அதோடு, முடிவெடுத்தவர்களின் பொறுப்பும் மறைந்துவிடுகிறது. ஒரு கரையின் கதையைச் சொல்ல வருகிறவர் மீன் வந்த ஆண்டைக் குறித்தால் போதாது. வலை யாருடையது, கரை யாருடையது, விலை வைத்தவர் யார் என்பதையும் சேர்த்துக் குறித்தால்தான் அது வரலாறு ஆகும்.